கடைசி வரிசை வயலின்: எல் சிஸ்தெமாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து மொட்டைமாடியில் நடத்தும் திரையிடலில், முக்கியப் படத்துக்கு முன்னால் பத்து நிமிடத் துண்டுப்படம் ஒன்றைப் போட்டார்கள். 2007 ஆகஸ்டில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளையோர் இசைக்குழு வாசித்த நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி. குஸ்தாவோ துதாமெல் நடத்துகிறார். பிள்ளைகள் நாட்டுக்கொடியின் நிறத்தில் மேல்சட்டை மாட்டிக்கொண்டு, பெர்ன்ஸ்டைனின் 'மாம்போ'வை வாசித்தபடி எழுந்து ஆடுகிறார்கள். வாத்தியத்தைப் பம்பரம் மாதிரிச் சுற்றுகிறார்கள். மாடியில் கைதட்டல். 'இதுதான் தோழர் மக்கள் கலை' அப்படின்னு ஒருத்தர் நெகிழ்ந்துபோனார். இன்னொருத்தர், 'வெள்ளைக்காரன் இசையைக் கறுத்த பிள்ளைங்க கையில கொடுத்தா அது விடுதலை ஆயிடுமா' என்று ஒரே வரியில் முடிச்சிட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேச்சிலும் ஏதோ இடித்தது. என்ன என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

(அன்று மாலை அந்தக் குழு வாசித்த பெரிய படைப்பு ஷோஸ்தகோவிச்சின் பத்தாவது சிம்பொனி. ஸ்டாலின் செத்த ஆண்டில், 1953இல், அரங்கேறியது. ஏறத்தாழ ஒரு மணிநேரம். மாடியில் போட்டது அது இல்லை. மக்கள் கலை என்று நாம் கைதட்டியது கடைசியில் போட்ட உபரிப் பாட்டுக்கு.)

ஒரு சொல் சிக்கல். நம்ம ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கோயில் கொடைக்கு வரும் மெல்லிசைக் குழு. கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். இங்கே பேசுவது எண்பது, நூறு பேர் வயலின், வியோலா, செல்லோ, ஊதுகருவி, கொட்டு என்று பிரிந்து உட்கார்ந்து, முன்னால் எழுதிவைத்த தாளைப் பார்த்து, ஒருவர் கையசைவுக்கு வாசிக்கும் ஏற்பாட்டைப் பற்றி. கையசைப்பவரை நடத்துநர் என்றே சொல்கிறேன், பஸ் ஞாபகம் வந்தால் வரட்டும்.

எல் சிஸ்தெமா என்றால் ஸ்பானியத்தில் 'அமைப்பு', அவ்வளவுதான். 1975இல் காராகஸில் ஹோஸே அந்தோனியோ அப்ரேயு தொடங்கியது. அவர் இசைஞர், பொருளாதாரம் படித்தவர், அரசியல்வாதி. ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் பதினோரு பேரோடு முதல் ஒத்திகை நடந்தது என்பது இதன் தோற்றப் புராணம். புராணத்தில் ஏழைக் குழந்தை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பணம் பாய்ந்த அந்தக் காலத்தில் வெனிசுவேலாவின் இசைக்குழு நாற்காலிகளில் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் இசை மாணவர்களுக்கு நாற்காலி வேண்டும், அதற்குத்தான் குழு. வேலைவாய்ப்புக் கோரிக்கை. 'இசையால் ஏழையை மீட்பது' என்ற சொல்லாடல் பிற்பாடு, குறிப்பாகத் தொண்ணூறுகளில், மேலே பூசப்பட்டது என்று ஜெஃப்ரி பேக்கர் 2014இல் வெளிவந்த தன் நூலில் வாதிடுகிறார். எனக்கு இது குறையாகப் படவில்லை. எங்களுக்கு நாற்காலி கொடு என்று கேட்பது, எங்களைக் காப்பாற்று என்று கேட்பதைவிட எவ்வளவோ மேல்.

அரசு யார் கையில் இருந்தாலும் அப்ரேயுவுக்குப் பணம் வந்தது. கலாச்சார இலாகாவைவிட சமூகநல இலாகாக்களின் கணக்கில் அதிகம். 1989 பிப்ரவரியில் பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்து காராகஸ் கொந்தளித்தது. ராணுவமும் போலீசும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றன. 'காரகாஸோ' என்கிறார்கள். அந்த அரசில் கலாச்சார அமைச்சர் அப்ரேயு. பத்து ஆண்டு கழித்து அதே காரகாஸோவின் கோபத்தில் ஏறி வந்தவர் சாவேஸ். அவர் அரசிலும் எல் சிஸ்தெமா கொழித்தது. 2007இல் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி பதினைந்து கோடி டாலர் கடன் தந்தது. 2011இல் நிறுவனம் ஜனாதிபதி அலுவலகத்தின்கீழ் போனது. சோஷலிச ஜனாதிபதியும் வளர்ச்சி வங்கியும் ஒரே பொருளுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்றால் அது என்ன பொருள்? ரெண்டு பேருக்கும் பிடித்த ஏதோ ஒன்று அதில் இருக்கணும். ஒழுங்கு என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு ஆதாரம் தேட ரொம்பத் தூரம் போகவேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு இங்கே 'காகித இசைக்குழு' என்றொரு பயிற்சி உண்டு. அட்டையும் காகிதக்கூழும் வைத்து, பெற்றோரும் கூடச் சேர்ந்து, வயலின் செய்கிறார்கள். தந்தி இல்லை, சத்தம் வராது. அந்த ஊமை வயலினைத் தோளில் வைத்து, முதுகை நிமிர்த்தி, வில்லைப் பிடித்து, நடத்துநரைப் பார்த்து உட்காரக் குழந்தை பழகுகிறது. ஒலிக்கு முன் உடல். ஃபூக்கோவைப் படித்த யாருக்கும் கைகள் பரபரக்கும்: இதோ ஒழுங்குக்குப் பணியும் உடல், இதோ கண்காணிப்பு, இதோ கால அட்டவணை. தினம் மூன்று நான்கு மணிநேரம், வாரத்தில் ஐந்தாறு நாள். அடோர்னோ 1962இல் இசைச் சமூகவியல் பற்றிய நூலில் நடத்துநரும் குழுவும் என்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்: ஒரு சத்தமும் எழுப்பாத ஒரே ஆள்தான் அங்கே அதிகாரத்தின் உருவம். எலியாஸ் கனெட்டிக்கும் இதே பார்வை. ஃபெலினி 1978இல் எடுத்த 'ஒத்திகை' படத்தில் வாத்தியக்காரர்கள் கலகம் செய்து, சுவர் இடிந்து, கடைசியில் நடத்துநர் சர்வாதிகாரியாகக் கத்துகிறார். நம்மில் பலர் கட்டுரையை இங்கேயே முடித்துவிடுவோம். நானும் ஐந்து வருடத்துக்கு முன்னால் என்றால் முடித்திருப்பேன்.

முடிக்க முடியாததற்குக் காரணம், இந்தப் படிப்பு முழுக்கவும் மேடையிலிருந்து பார்த்த படிப்பு. அடோர்னோ, கனெட்டி, ஃபெலினி எல்லோருடைய கண்ணும் அந்தக் குச்சிமேல்தான். இரண்டாம் வயலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நடத்துநர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ரொம்பத் தூரம். அவளுக்குப் பக்கத்தில் இருப்பது வேறொரு ஆள்.

தந்திவாத்தியக்காரர்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், ஒரு தாள். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்பவேண்டும். வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும். சத்தம் அறுந்துவிடக் கூடாது. இவள் வாசிக்கவேண்டியதை அந்த இரண்டு விநாடி அவன் சுமக்கிறான். அடுத்த அடியில் அவள் வந்து சேர்ந்துகொள்கிறாள். இதை நடத்துநர் சொல்லிக் கொடுப்பதில்லை, பார்ப்பதும் இல்லை. ஒரு குழுவில் ஐம்பது அறுபது தந்திவாத்தியக்காரர்கள் இருந்தால் முப்பது இடங்களில் இப்படி நடக்கிறது. செங்குத்தாக ஒரு குழு இருக்கிறது, எல்லோரும் மேடையைப் பார்ப்பது. கிடைமட்டமாக இன்னொரு குழு, பக்கத்து ஆளின் மூச்சைக் கேட்பது. ஒன்று இன்னொன்றை விழுங்கப் பார்க்கிறது. முழுசாக விழுங்க முடிவதில்லை.

இது வெறும் உருவகம் இல்லை, அமைப்பாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற குழு 1922இலிருந்து 1932 வரை நடத்துநரே இல்லாமல் சிம்பொனி வாசித்தது. ஒருவரை ஒருவர் பார்க்க வட்டமாக உட்கார்ந்தார்கள்; சிலர் கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டி. கலைந்த ஆண்டைப் பார்த்தால், ஸ்டாலின் காலம் இறுகிவந்த நேரம். புரட்சியின் பேரால் பேசுகிற நமக்கு ஆல்பர்ட் ஹால் மேல்சட்டை ஞாபகம் இருக்கிறது, இந்த வட்டம் ஞாபகம் இல்லை.

எல் சிஸ்தெமாவுக்குள்ளும் இந்தக் கிடைமட்டம் உண்டு. ஊருக்கு ஊர் 'நூக்ளியோ' எனப்படும் மையங்கள். அவற்றுக்கு மேல் வட்டார, மாநில இளையோர் இசைக்குழுக்கள். உச்சியில் காராகஸின் தேசியக் குழுக்கள். உலகம் பார்ப்பது உச்சியை. பார்கிசிமெட்டோ நகரத்தில் சல்ஸா குழுவில் டிராம்போன் ஊதியவரின் மகன் துதாமெல் லாஸ் ஏஞ்சலிஸ் வரை போனது, டபுள் பாஸ்காரர் எடிக்சன் ருயிஸ் இருபது வயது நிரம்பும் முன்பே, 2003இல், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் சேர்ந்தது: இவை எல்லா ஆவணப்படத்திலும் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது நடுப்படியான வட்டாரக் குழு. அங்கே இருப்பவர் குழந்தையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தன் ஊர் மையத்தில் முதல் வயலினாக இருந்தவன் இங்கே வந்ததும் பத்தாவது ஆள். முதல்முறையாகத் தன்னைவிட நன்றாக வாசிக்கும் சமவயதுக்காரனைப் பக்கத்தில் கேட்கிறான். வாத்தியாரிடம் ஒருவருடம் கற்பதை இப்படி ஒரு மாதத்தில் கற்பதுண்டு என்று வாத்தியம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். சனி ஞாயிறு திரும்பிப்போய் ஊர் மையத்தில் சின்னப் பிள்ளைக்கு அதே விரல் வைப்பைச் சொல்லிக் கொடுக்கிறான். கொஞ்சம் தெரிந்தவன் இன்னும் கொஞ்சம் தெரியாதவனுக்கு வாத்தியார் என்பது இந்த அமைப்பின் ஆரம்பகால வழக்கம். ஆசிரியர் பற்றாக்குறையால் வந்தது. பற்றாக்குறையில் பிறந்த அந்த வழக்கம்தான், என் பார்வையில், இதிலே உள்ள ஒரே அசலான கல்விக் கண்டுபிடிப்பு. மேல்நிலைக் குழுக்களில் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. பதினாறு வயதில் வீட்டுக்குப் பணம் கொண்டுவருவது என்ன என்று நமக்குத் தெரியாததா.

சரி, யார் உள்ளே வருகிறார்கள்? வங்கியே காசு கொடுத்து ஆய்வு செய்தது. 6 முதல் 14 வயதுவரை 2,914 குழந்தைகள், 16 மையங்கள். முடிவுகள் 2017இல் வெளியாயின. சேர்ந்த குழந்தைகளிடையே வறுமை விகிதம் 16.7 சதம். அவர்கள் வாழும் மாநிலங்களில் 46.5 சதம். ஆக, ஏழைகளுக்கான இசைக்குழு என்று உலகெங்கும் சொல்லப்பட்டதில் ஏழைகள் மூன்றில் ஒரு பங்காக வடிந்திருக்கிறார்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை. வாசலில் காவலாளி இல்லை. இலவசம். இருந்தும் வடிந்தது. தினம் கொண்டுவிட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும், பஸ் காசு வேண்டும், நாலு மணிநேரம் பிள்ளை வீட்டுவேலை செய்யாமல் இருக்கணும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வெள்ளை ஷூ ஞாபகம் வருகிறது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூட பேண்டில் சைட் டிரம் அடித்தேன். சொல்லிக் கொடுத்தவர் பி.டி. வாத்தியார்; அவருக்கும் அணிவகுப்பு தாளம் இரண்டுதான் தெரியும். என்னைவிட நன்றாக அடித்தவன் பக்கத்தில் நின்ற சிநேகிதன். நான் தப்புவிடும்போது குச்சியை மெல்லத் தட்டி என்னை மறுபடி தாளத்துக்குள் இழுப்பான். குடியரசு தினத்துக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ கட்டாயம் என்றார்கள். மறுநாள் அவன் வரவில்லை. பேண்டைவிட்டு அவனை யாரும் நீக்கவில்லை, அவன் பெயர் கடைசிவரை பட்டியலில் இருந்தது. 16.7 என்ற எண்ணைப் படித்தபோது எனக்குப் பட்டியலில் இருந்த அந்தப் பெயர்தான் தெரிந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. ஒரு வருடத்தில் தன்கட்டுப்பாடு கூடியது, நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. அதிகம் படிக்காத தாய்மாரின் பிள்ளைகளிடமும், வன்முறையைப் பார்த்து வளர்ந்த பையன்களிடமும் இந்த மாற்றம் கூடுதல். அறிவுத்திறனில் பொதுவாக வித்தியாசம் காணவில்லை. மற்றவரோடு இணங்கி உதவும் பண்பிலும் காணவில்லை. இசைக்குழு சக மனிதனை நேசிக்கக் கற்றுத்தரும் என்பதுதான் இதன் பெருங்கதையாடல். ஆய்வில் நிற்காதது அதுதான். பொருள் வறுமையை ஆன்மச் செல்வம் வெல்லும் என்கிற தொனியில் அப்ரேயு உலக மேடைகளில் பேசிவந்தார். ஏழைப் பிள்ளை உள்ளே காலியாக இருக்கிறது, பீத்தோவனை ஊற்றினால் நிரம்பும் என்பது இதன் உட்பொருள். இதை நாம் ஏற்க முடியாது.

அப்படியானால் மொட்டைமாடியில் பேசிய இரண்டாவது நண்பர் சொன்னது சரிதானே? அவர் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. வெனிசுவேலாவின் சமவெளிகளில் ஹொரோப்போ இருக்கிறது, நாலு தந்திக் குவாத்ரோ இருக்கிறது, ஆர்ப்பா இருக்கிறது. அரை நூற்றாண்டில் பெரும்பங்கு நேரமும் பணமும் ஐரோப்பிய சிம்பொனிக்குப் போனது. ஆனால் 'உன் இசையை நீ வாசி' என்ற வாதத்தைத் தமிழ்நாட்டிலிருந்து பேசும்போது நாக்கு கூச வேண்டும். அவனவன் மேளத்தை அவனவன் அடிக்கணும் என்பது இங்கே பண்பாட்டுப் பாதுகாப்பு அல்ல, சாதிச் சட்டம். சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்று மறுத்ததும் அரசியல்தான். பிற்பாடு அதே பறையைத் தன்மானத்தோடு மேடையேற்றியதும் அரசியல்தான். இரண்டிலும் தீர்மானித்தது யார் என்பதுதான் கேள்வி. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் வயலினும் செல்லோவும் படிக்கிறார்கள். அங்கே ஒரு பெண் செல்லோவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தால், நீ ஏன் பறையைத் தொடவில்லை என்று அவளைக் கேட்க எனக்கு வாயில்லை. அவள் என்ன வாசிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டா என்று நிர்வாகத்தைக் கேட்பேன்.

எல் சிஸ்தெமாவில் அந்த நாற்காலி இல்லை என்பது பேக்கரின் முக்கியக் குற்றச்சாட்டு. வாசிக்கத் தேர்ந்தெடுப்பதும் பயணம் தீர்மானிப்பதும் மேலிருந்து. சில பெரிய படைப்புகளையே திரும்பத் திரும்ப வாசிப்பது. தானே இசை எழுத, இட்டுக்கட்டிப் பாட இடம் குறைவு. இவ்வளவு மணிநேரம் வாய்மூடி உட்காரப் பழகிய அமைப்பில் வேறு விஷயங்களும் வாய்மூடிக் கிடக்கும். பாலியல் அத்துமீறல் பற்றி 2014லேயே அவர் எழுதினார். அப்போது அவரைத்தான் தாக்கினார்கள். 2021இல் உள்ளே படித்த பெண்கள் தாங்களே பகிரங்கமாகப் பேசியபிறகுதான் அரசு வழக்குத்துறை விசாரணை என்றது.

2017 தனியாகப் பேசவேண்டிய ஆண்டு. மே 3ஆம் தேதி காராகஸ் ஆர்ப்பாட்டத்தில் அர்மாந்தோ கன்யிஸாலெஸ் என்ற பதின்ம வயது இளைஞன் சுடப்பட்டுச் செத்தான். வியோலா வாசிப்பவன், எல் சிஸ்தெமா பிள்ளை. பியானோ கலைஞர் கப்ரியேலா மொன்தேரோ 2014லேயே பகிரங்கக் கடிதம் எழுதி வாய்திறக்கச் சொன்ன துதாமெல், இந்தச் சாவுக்கு மறுநாள்தான் முதல்முறையாக அடக்குமுறையைக் கண்டித்தார். ஆகஸ்டில் அவர் நடத்தவிருந்த தேசிய இளையோர் குழுவின் அமெரிக்கப் பயணம் ரத்தானது. பயணம் யாருக்கு ரத்தானது? மாதக்கணக்காக ஒத்திகை பார்த்த பிள்ளைகளுக்கு. அதே ஆண்டு வுய்லி ஆர்தெயாகா என்ற இளைஞர் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்று தெருவில் வயலின் வாசித்தார். வயலினை உடைத்தார்கள். ஜூலை இறுதியில் கைது செய்தார்கள், ஆகஸ்டில் விட்டார்கள். எல் சிஸ்தெமாவின் கோஷம் 'வாசி, போராடு' என்பது. ஆர்தெயாகா அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்படும்போது எந்தக் கோஷத்தையும் அரசு தாங்காது.

இசைஞனின் உடல் அரசின் பொம்மை என்று ஃபூக்கோவை வைத்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு ஆர்தெயாகாவை எங்கே வைப்பது என்று தெரியாது. நிமிர்ந்து நிற்க, கவனம் சிதறாமல் வில்லை இழுக்கக் கற்றுத் தந்தது அதே ஒழுங்குதான். புகைக்குள் நிற்க உதவியதும் அதுதான்.

பொருளாதாரம் நொறுங்கியது. 2015க்குப் பிறகு எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள் என்பது ஐ.நா. கணக்கு. அவர்களில் இந்த வட்டாரக் குழுப் பிள்ளைகளும் இருந்தார்கள். போகோட்டா, லிமா, சந்தியாகோ, புவனோஸ் அயர்ஸ் தெருமுனைகளில், சுரங்க ரயில்களில் வாசித்துப் பிழைத்தார்கள். இளையோர் இசைக்குழுவின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ரயில் பெட்டியைக் காட்டுவேன். குழு இல்லை, நடத்துநர் இல்லை, அரசு இல்லை, கொடிச் சட்டை இல்லை. கையில் என்ன மிச்சம்?

ஒரு கஷ்டமான பதில்: இரண்டாம் வயலின்காரருக்குக் கையில் பாட்டே மிச்சமில்லை. ஒரு சிம்பொனியில் இரண்டாம் வயலினுக்கு எழுதியதைத் தனியாக வாசித்துப் பாருங்கள். நாலைந்து சுரம் விட்டுவிட்டு வரும். யாருடைய ராகத்துக்கோ போட்ட முட்டு. ரயிலில் அதற்குக் காசு விழாது. பத்து வருடம் தினம் நாலு மணிநேரம் வாசித்தவருக்கு முழுசாக ஒரு மெட்டு தனியாகத் தெரியாது என்றால் அது பயிற்சியின் தோல்வி. சும்மா சொல்லவில்லை, இதுவே என் முக்கியமான புகார். முழுத்தாளை நடத்துநர் மட்டும் வைத்திருப்பதும் மற்றவர்களுக்கு அவரவர் பகுதியை மட்டும் கிழித்துக் கொடுப்பதும் தொழிற்சாலைக்குச் சரி. பதினைந்து வயதுக்குச் சரியில்லை. வட்டாரக் குழுக்களில் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் முழுத்தாள் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர்கள் மறுபடி படித்தார்கள். காதால் கேட்டு, ஒருத்தரிடம் ஒருத்தர் கேட்டு, ஊர்ப்பாட்டும் சினிமாப் பாட்டும். பிறகு ஒரு காரியம் நடந்தது. புவனோஸ் அயர்ஸில் அப்படிச் சுரங்க ரயிலில் வாசித்தவர்களும் மற்ற அகதி இசைஞர்களும் சேர்ந்து லத்தீன் வாக்ஸ் மெஷின் என்றொரு முழு இசைக்குழுவை உண்டாக்கினார்கள். யாரும் கூப்பிட்டு நாற்காலி போடவில்லை. எங்கே கூடினாலும் நாற்காலி போடத் தெரிந்திருந்தது அவர்களுக்கு: எந்த வாத்தியம் எங்கே, யார் யாரோடு ஸ்டாண்டைப் பகிர்வது, சுருதி யாரிடமிருந்து வாங்குவது. அட்டை வயலினில் கற்றது. அப்ரேயு 2018இல் இறந்துபோனார். அவர் கற்பனை செய்த மீட்பில் இது இல்லை. 1975இல் வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி கேட்ட பதினோரு பேருக்கு இது புரிந்திருக்கும்.

2021 நவம்பரில் காராகஸில் கின்னஸ் சாதனைக்காக ஒரே நேரத்தில் 8,573 பேர் சைக்கோவ்ஸ்கியின் ஸ்லாவிய அணிவகுப்பை வாசித்தார்கள். இடம் ராணுவ அகாடமியின் முற்றம். தணிக்கையாளர்கள் நடந்து நடந்து எண்ணினார்கள். அடுத்த திரையிடலுக்கு அந்தக் காட்சியைப் போடலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நேராகப் பார்த்தால் அடோர்னோ தெரிவார், ஃபூக்கோ தெரிவார். நம்ம எல்லோருக்கும் பேச நிறைய கிடைக்கும். பக்கம் திருப்பும் இடம் வரும்போது வேகத்தைக் குறைத்து, ஏதாவது ஒரு கடைசி வரிசையில் நிறுத்திக் காட்டச் சொல்லியிருக்கிறேன். புரொஜெக்டர்காரர், அதெல்லாம் இவ்வளவு தூரத்திலிருந்து எடுத்ததில் தெரியாது சார் என்கிறார்.